பிணம் சிரிக்காமல் பேக்கப் இல்லை

நான் செத்துப்போன செய்தி டிவியில் வந்தபோது அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது தோசையைத் திருப்பிப் போடுகிற நேரம். எதிர்வீட்டுக் கோமதி செருப்புகூடப் போடாமல் தெருவைக் கடந்து, வாயைப் பொத்தி அழுதபடி உள்ளே வந்தாள். கரண்டியும் கையுமாக என்னைப் பார்த்ததும் அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"மாமி, டிவில நீங்க போய்ட்டேள்னு காட்டறாளே! மாலையெல்லாம் போட்டு…"

"போய்ட்டேன்னா இந்தத் தோசை ஆருக்காக்கும்? தட்டை எடுத்துண்டு உக்காரு. சூடா இருக்கச்சயே தின்னு."

அவள் அழுதுகொண்டே மூன்று தோசை தின்றாள். நான் கையைத் துடைத்துக்கொண்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்தேன்.

திருவனந்தபுரம் கழக்கூட்டத்து ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்த்துக்கொண்டே சனி, ஞாயிறில் குறும்படம் எடுக்கிற, நடிக்கிற பெண்களே, உங்கள் குழுவின் மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டீர்கள். "புதுசா வர்றவங்களுக்கு நாலு டிப்ஸ் குடுங்கம்மா" என்று உங்களில் ஒருத்தி போனில் சொன்னாள். எப்படி அழுவது, எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவது என்பதெல்லாம் உங்கள் போனிலேயே கொட்டிக் கிடக்கிறது. நான் எழுதப்போவது பிணமாகப் படுப்பதைப் பற்றி. சிரிக்காதீர்கள். இல்லை, சிரியுங்கள். சிரிப்பைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

நான் நடித்தது கறுப்பு வெள்ளைக் காலத்தில். மலையாளத்தில் பாதி, தமிழில் பாதி. அந்தக் காலத்துக் கதாநாயகிக்கு இரண்டே வழிதான் உண்டு. நல்லவளாக இருந்தால் கல்யாணம் ஆகும். ஒரு அடி தப்பாக வைத்தால் சாக வேண்டும். எனக்கு ஏனோ தப்பாக அடி வைக்கிற முகம். ஆற்றில் விழுந்து செத்தேன், ரத்தம் ரத்தமாக இருமிச் செத்தேன், விஷம் குடித்துச் செத்தேன், ஒரு படத்தில் எதனால் செத்தேன் என்று டைரக்டருக்கே தெரியவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது பிணமாகப் படுத்து ஷாட் எடுத்தால், கட் சொன்ன பிறகு கேமராவை நிறுத்தக் கூடாது. படுத்திருப்பவர் கண்ணைத் திறந்து, கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். அதுவரை யாரும் லைட்டை அணைக்க மாட்டார்கள், மூட்டை கட்டிக் கிளம்புகிற பேக்கப்பும் கிடையாது. சிரிக்காமல் எழுந்தால் படத்தில் வந்த சாவு ஆளைத் தொடர்ந்து வீட்டுக்கு வந்துவிடும் என்று பயம். முதல் முறை இது எனக்குத் தெரியாது. கட் என்றதும் எழப்போன என் தோளை ஹேர்டிரெசர் அக்கா அமுக்கிப் பிடித்தாள். நாஞ்சில் நாட்டுக்காரி. என் முடியைப் பிடித்தே எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவள்.

"மக்களே, சிரிக்காம எழும்பப்பிடாது கேட்டியா. செத்தது நீயில்ல, வேசம்தான்னு கேமராவுக்குத் தெரியணும்லா."

இரண்டாவது படத்தில் தலைகீழாக ஒரு தப்புச் செய்தேன். நான் செத்துக் கிடக்கிறேன். கதாநாயகர் என் மேல் விழுந்து அழுகிறார். அவர் கண்ணில் விட்டிருந்த கிளிசரின் சொட்டுச் சொட்டாக வழிந்து நேராக என் காதுக்குள் இறங்கியது. கட் சொல்வதற்கு முன்னாலேயே களுக்கென்று சிரித்துவிட்டேன். ஃபிலிம் கிடைப்பதே பெரும்பாடாக இருந்த காலம். கதாநாயகர் கோபித்துக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்துவிட்டார். டைரக்டர் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. நான் பாயிலேயே உட்கார்ந்து நிஜமாக அழுதேன்.

ஆனால் அழுதுகொண்டே ஒன்றைக் கவனித்தேன். அத்தனை பேர் இருக்கிற செட்டில் என் வசனத்துக்காக யாரும் காத்திருந்ததில்லை. என் சாப்பாட்டுக்காகவும் காத்திருந்ததில்லை. என்னுடைய ஒரு சிரிப்புக்கு மட்டும் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். தப்பான இடத்தில் வந்தால் படம் கெடுகிறது, சரியான இடத்தில் வராவிட்டால் ஒருவரும் வீட்டுக்குப் போக முடியாது. இதை மனதில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் அந்தப் படத்தில் நடிக்கக் கூப்பிட்டார்கள். டிவிக்காரர்கள் நான் மாலையோடு கிடக்கிற காட்சியைக் காட்டினார்களே, அந்தப் படம்.

வாத்தியார் ஒருவருடைய பெண்டாட்டி வேஷம் எனக்கு. வாத்தியார் ஊருக்கெல்லாம் நல்லவர், வீட்டில் கை நீட்டுகிறவர். கடைசியில் அவள் ஒரு தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விடுகிறாள். பஸ் புறப்பட்டுப் போகிறது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை, படம் முடிகிறது. டைரக்டர் கதை சொன்ன அன்று அந்தக் கடைசிக் காட்சிக்காகவே கையெழுத்துப் போட்டேன்.

ஏன் என்று உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? எனக்குப் பத்தொன்பது வயதில் அப்படி ஒரு தகரப்பெட்டி இருந்தது. திருநெல்வேலியில் புருஷன் வீட்டிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டுதான் திருவனந்தபுரம் கரமனையில் அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தேன். அக்கிரகாரத்தில் எத்தனையோ கதவுகள் என்னைப் பார்த்ததும் சாத்திக்கொண்டன. சினிமாவுக்குப் போனேன் என்று பிறகு சாத்திக்கொண்டவை தனிக் கணக்கு. அதனால் அந்தப் பெண் பஸ் ஏறுவது எனக்கு நடிப்பு இல்லை. நான் செய்தது தப்பில்லை என்று ஊருக்குச் சொல்ல எனக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு அது.

கடைசி நாள் ஷூட்டிங். காலையில் போனால் ஸ்டுடியோ ஃப்ளோரில் பாடை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். யாருக்கு என்று கேட்டேன். டைரக்டர் என் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னார்.

"மோளே, ஒரு சின்ன மாற்றம் உண்டு. பஸ் வேண்டாம். நீ ஒரு ஷாட் கிடந்தா மதி." ஒரு ஷாட் படுத்துக் கிடந்தால் போதுமாம்.

பின்னால் முதலாளி நின்றிருந்தார். தயாரிப்பாளரை இங்கே முதலாளி என்றுதான் சொல்வோம். விநியோகஸ்தர் படத்தின் முடிவைக் கேட்டுப் பயந்துவிட்டாராம்.

"வீட்டை விட்டு இறங்கின பெண்ணு சுகமாயிட்டு ஜீவிச்சா, எந்தக் குடும்பஸ்தன் பெண்டாட்டியைக் கூட்டிட்டுப் படம் காண வரும்? நீயே சொல்லு," என்றார் முதலாளி.

"முதலாளி, நானும் இறங்கினவதான். நான் செத்தா போய்ட்டேன்?"

"நீ நடி. அது மதி."

கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இருக்கிறது. மறுத்தால் என் பாகத்தையே வெட்டி எறிந்துவிட்டு, வேறு ஒருத்தியை முகம் மூடிப் படுக்க வைத்துப் படத்தை முடிப்பார்கள். அது எனக்குத் தெரியும். அதனால் வாயை மூடிக்கொண்டு மேக்கப் போட உட்கார்ந்தேன். மூக்கில் பஞ்சு, நெற்றியில் பெரிய பொட்டு, கழுத்தில் மாலை. அக்கா என் தலையைப் பிரித்துப் போட்டாள். போய்ப் பாடையில் படுத்தேன். வாத்தியார் அழுதார், ஊர் அழுதது, கேமரா மேலிருந்து இறங்கி என் முகத்தில் வந்து நின்றது. கட்.

"சிரி மோளே," என்றார் டைரக்டர்.

நான் கண்ணைத் திறந்தேன். சிரிக்கவில்லை.

முதலில் எல்லோரும் விளையாட்டு என்று நினைத்தார்கள். கேமராக்காரர் விசில் அடித்தார். யாரோ பூனைபோல் கத்தினார்கள். பக்கத்து ஃப்ளோரிலிருந்து காமெடி நடிகர் ஒருவரைக் கூட்டி வந்தார்கள்; அவர் என் தலைமாட்டில் நின்று முகத்தை எட்டுக் கோணலாக்கிக் காட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். ஃபிலிம் தீர்ந்தது, வேறு மாட்டினார்கள். அப்போதும் சிரிக்கவில்லை.

"மோளுக்கு எந்தா வேண்டே?" என்று கடைசியில் முதலாளியே பக்கத்தில் வந்து கேட்டார்.

"பஸ் ஷாட். இன்னைக்கே. என் கண் முன்னாலே."

"இது திக்காரம்! திமிரு!" என்று அவர் கத்தியதில் மேலே இருந்த புறாக்கள் பறந்தன. "எழுந்திருக்கட்டும். சிரிக்க வேண்டா. லைட்டை அணை!"

இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். என் தைரியமெல்லாம் அந்தப் பாடை அளவுக்குத்தான். சிரித்துவிட்டால் என்னிடம் பேரம் பேச ஒன்றும் மிச்சமில்லை. சிரிக்காமல் எழுந்துவிட்டாலும் போச்சு. இரண்டும் செய்யாமல் கிடக்க வேண்டும். அந்த நம்பிக்கையெல்லாம் எனக்கு இல்லை, தந்திரத்துக்காகத்தான் கிடந்தேன் என்று பின்னாளில் பேட்டிகளில் பெருமை அடித்திருக்கிறேன். பொய். பஞ்சு வைத்த மூக்கோடு வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, மாலை வாசனையில் கிடந்தபோது, சாவு நிஜமாகவே கால்மாட்டில் வந்து உட்கார்ந்திருப்பதாகத்தான் தோன்றியது. அக்கா குனிந்து என் காதில் அழுதாள்.

"ஏட்டி, சிரிச்சிரு. சாவு கூட வெளையாடப்பிடாது."

"அக்கா, நான் இப்போ சிரிச்சேன்னா அவ நெஜமாவே செத்துப் போய்டுவா."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாடை பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவளும் எழவில்லை.

முதலாளி மறுபடியும் லைட்டை அணைக்கச் சொல்லிக் கத்தினார். மேலே பலகையில் நின்றிருந்த லைட்மேன் ஒருவர், அவரும் நாகர்கோவில் பக்கம்தான், அங்கிருந்தே பதில் சொன்னார்.

"முதலாளி, அந்தப் புள்ள சிரிக்காம நான் லைட்ட அணைக்க மாட்டேன். எனக்கும் வீட்ல பொட்டப்புள்ள உண்டு. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்."

மற்ற லைட்மேன்களும் கையைக் கட்டிக்கொண்டார்கள். முதலாளி சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அந்தத் தொழிலாளிகளில் பாதிப் பேருக்கு என் கதை பற்றி ஒரு அபிப்பிராயமும் கிடையாது. வாத்தியார் பெண்டாட்டி செத்தாலும் வாழ்ந்தாலும் அவர்களுக்கு ஒன்றுதான். அவர்கள் நின்றது வழக்கத்துக்காக. நின்றார்களே, எனக்கு அது போதும்.

"எடுத்துத் தொலை," என்றார் முதலாளி.

டைரக்டர் முகத்தில் காலையிலிருந்து இல்லாத வெளிச்சம். "வா வா, எழுந்திரு, வெளிச்சம் போகுது!" என்று பரபரத்தார். நான் எழவில்லை. எழ வேண்டுமானால் சிரிக்க வேண்டும். சிரித்துவிட்ட பிறகு இவர்கள் வார்த்தை மாறினால்? பஸ்ஸுக்கு முன்னால் கேமரா நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சிரிப்பேன் என்றேன். டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். லைட்மேன்கள் நாலு பேர் வந்து பாடையோடு என்னைத் தூக்கினார்கள்.

ஸ்டுடியோ கேட்டைத் தாண்டி ரோட்டில் என்னைத் தூக்கிக்கொண்டு போன காட்சியை நினைத்துப் பாருங்கள். முன்னால் கேமரா, பின்னால் சீப்பும் கையுமாக அக்கா. எதிரே வந்தவர்கள் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். ஒரு பெரியவர் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கும்பிட்டார். நான் அவரைப் பார்த்துக் கண் சிமிட்டினேன். அவர் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டார். பஸ் நின்றிருந்தது. கேமராவை வைத்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மூக்கில் பஞ்சும் கழுத்தில் மாலையுமாகப் பாடையில் எழுந்து உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஸ்டில் போட்டோகிராபர் அதை ஒரு படம் எடுத்தார்.

முகத்தைக் கழுவி, புடவை மாற்றி, தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். ஏறும்போதுதான் முன்னால் இருந்த பலகையைப் பார்த்தேன். கதைப்படி அவள் தெற்கே அப்பா வீட்டுக்குப் போகிறவள். பலகையில் பொன்முடி என்று எழுதியிருந்தது. அந்த மலையில் பாட்டு எடுக்க வாடகைக்குப் பிடித்த பஸ் அது, பலகையை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பலகையைத் தேடி எடுத்து மாற்றுவதற்குள் வெயில் போய்விடும், முதலாளிக்கு மனசும் மாறிவிடும். வாயைத் திறக்காமல் ஏறி உட்கார்ந்தேன். தப்பைத் திருத்தாமல் விட்டதற்காக நான் சந்தோஷப்படுகிற ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

படம் பாடை முடிவோடுதான் வெளிவந்தது. எர்ணாகுளத்தில் செத்தேன், கோழிக்கோட்டில் செத்தேன், கொல்லத்தில் செத்தேன். திருவனந்தபுரத்தில் மட்டும் உயிரோடு இருந்தேன். இந்த ஊர் தியேட்டருக்கு வந்த ஃபிலிம் பெட்டியில் டைரக்டர் யாரிடமும் சொல்லாமல் பஸ் ரீலை வைத்துவிட்டார். அவர் எனக்காகச் செய்தாரா, தனக்காகவா, நான் கேட்டதில்லை. விநியோகஸ்தருக்குத் தெரிந்து மாற்றுவதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது.

அந்த வாரத்தில் ஒரு நாள், முன்பின் தெரியாத ஒரு பெண் என் வீட்டு கேட்டில் வந்து நின்றாள். முப்பது வயது இருக்கும். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"கொல்லத்துல பாத்தேன், நீங்க செத்துட்டீங்க. இங்க அக்கா வீட்டுக்கு வந்த எடத்துல மறுபடியும் பாத்தேன், பஸ் ஏறிப் போறீங்க. எது நெசம்?"

"பஸ்ஸுதான் நெஜம்."

"போர்டுல பொன்முடின்னு உண்டே. அங்க அவளுக்கு ஆரு உண்டு?"

கதையில் இல்லாத கேள்வி. உண்மையைச் சொன்னேன்.

"ஆரும் இல்லை."

அவள் அதை மனதில் வாங்கிக்கொண்டு மெதுவாகத் தலையாட்டினாள்.

"ஆரும் இல்லாத எடமா? அப்ப கொள்ளாம், நல்லதுதான்," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் யார், பிறகு எங்கே போனாள் என்று எனக்குத் தெரியாது. எனக்குக் கிடைத்த பரிசுகளை எல்லாம் ஒரு அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். இந்தக் "கொள்ளாம்" மட்டும் அதில் அடங்காது.

அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் சாக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஒருவர் வந்து, இடைவேளையில் செத்தால் போதும் என்று கெஞ்சினார். வேண்டுமானால் கதாநாயகனை நான் கொல்கிறேன், அதற்குத் தேதி தருகிறேன் என்றேன். அவர் காப்பியைக்கூடக் குடித்து முடிக்கவில்லை. படங்கள் குறைந்தன. அத்தை வேஷம், நர்ஸ் வேஷம் என்று ஆயிற்று. அதற்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை, உங்களில் யாரும் எனக்காக வருத்தப்படவும் வேண்டாம்.

வருத்தம் ஒன்றே ஒன்றுதான். அந்த பஸ் ரீல் தொலைந்துவிட்டது. மிஞ்சியதெல்லாம் பாடைதான். அதனால்தான் அன்று காலை டிவியில் அதைப் பார்த்ததும் எனக்கு அப்படி ஆத்திரம் வந்தது. செத்துவிட்டதாகச் சொன்னதற்காக இல்லை; இந்த வயதில் அது அவ்வளவு பெரிய தப்பு இல்லை. அவளை மறுபடியும் கொன்றுவிட்டார்களே என்றுதான்.

மதியம் சேனலிலிருந்து ரேவதி என்று ஒரு பெண்ணும், தாடி வைத்த கேமராக்காரர் ஒருவரும் வந்தார்கள். ரேவதி கரமனைத் தமிழ்க் குடும்பம்தான். வேலையில் சேர்ந்து சில மாதம்தான் ஆகிறதாம். முகம் வெளுத்திருந்தது.

"ஸாரி அம்மா, ஆபீஸ்ல தெற்றிப் போச்சு, தப்புதான். நீங்க ஒண்ணு சிரிச்சா மதி. 'சுகமா இருக்கேன்'னு ஒரு வாக்கு. பத்து செகண்ட்."

கேமராவை வைத்தார்கள். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சிரிக்கவில்லை.

"என்னைப் பாடையில படுக்க வெச்சு எத்தனை நேரம் காட்டினேள்?"

"நாலு நிமிஷம் இருக்கும்…"

உள்ளே போய் அந்தப் போட்டோவை எடுத்து வந்தேன். பாடையில் உட்கார்ந்து சிரிக்கிற நான், பின்னால் பஸ், பஸ்ஸில் பொன்முடிப் பலகை. ரேவதிக்குக் கதையைச் சொன்னேன். "இதை அதே நாலு நிமிஷம் காட்டணும். இவ சாகலை, பஸ் ஏறிப் போனான்னு சொல்லணும். அதுக்கப்புறம் சிரிக்கறேன்."

அவள் ஆபீசுக்குப் போன் செய்தாள். பழைய போட்டோவுக்கு நாலு நிமிஷமா, பத்து செகண்ட் சிரிப்பை வாங்கிக்கொண்டு கிளம்பி வா என்று அந்தப் பக்கம் கத்துவது எனக்கே கேட்டது. ரேவதி செய்வதறியாமல் கேமராக்காரரைப் பார்த்தாள். அவர் கேமராவிலிருந்து கையை எடுக்கவில்லை.

"சீரியல்ல இப்பவும் இந்த வழக்கம் உண்டு. அம்மை சிரிக்காம ஞான் கேமரா ஆஃப் செய்யில்ல," என்றார்.

ரேவதி போனைக் காதில் வைத்து, "சார், கொன்னது நம்மளாக்கும். படத்தைப் போடறேன்னு சொல்லுங்கோ, இல்லேன்னா நான் வரலை," என்றாள். வேலை போயிருக்கும். போகவில்லை. மாலைச் செய்தியில் நாலு நிமிஷம், கடிகாரம் வைத்துப் பார்த்தேன், நான் பாடையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். கோமதி கைதட்டினாள். அப்புறம்தான், தாடிக்காரர் அதுவரை அணைக்காமல் வைத்திருந்த கேமராவைப் பார்த்து என் பாக்கியைச் சிரித்துக் கொடுத்தேன்.

பெண்களே, உங்களையும் பாடையில் படுக்கச் சொல்வார்கள். வேறு பேர் வைத்துச் சொல்வார்கள், அவ்வளவுதான். சில நேரம் அந்தப் பாடையில் படுக்கத்தான் வேண்டியிருக்கும், நானும் படுத்தேன். ஆனால் உங்களிடமிருந்து அவர்களுக்குக் கண்டிப்பாக வேண்டிய ஒன்று எது என்று முதல் நாளே பார்த்து வையுங்கள். அதைக் கேட்டவுடனே கொடுத்துவிடாதீர்கள்.

நிஜமாகவே என் நாள் வரும்போது டிவிக்குக் கொடுக்கச் சொல்லி அந்தப் போட்டோவைக் கோமதியிடம் கொடுத்துவைத்திருக்கிறேன். அன்றைக்கு என் தலைமாட்டில் நின்று யாரும் என்னைச் சிரிக்கச் சொல்ல வேண்டாம். அந்த ஷாட்டுக்கு நான் எப்போதோ சிரித்தாயிற்று, நீங்கள் லைட்டை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.